முகம் சரிபார்ப்பு

பள்ளிப் பை வியாபாரத்தில் ஆகஸ்ட் மாதம்தான் கஷ்டமானது, சார். ஜூனிலேயே பைகள் போய்ச் சேர்ந்திருக்கும். பணம் மட்டும் வந்திருக்காது.

தாராவியில் எங்கள் பட்டறை தைக்கும் பைகளை ஒரு பெரிய கடைக் கம்பெனி வாங்குகிறது. பில் கொடுத்து மூன்று மாதம் கழித்துத்தான் பணம். ஃபேக்டரிங் கம்பெனி என்றால், அந்த பில்லை எடுத்துக்கொண்டு பெரும்பகுதியை உடனே தந்துவிடும். பிறகு கடைக் கம்பெனியிடம் அதுவே வசூலித்துக்கொள்ளும். சம்பளம் கொடுக்க வட்டிக்கு வாங்கிக்கொண்டிருந்த இடத்தில் இதைக் கொண்டுவந்தவன் நான். பி.காம். படித்தது வீண்போகவில்லை. இன்றைக்கும் அதில் எனக்கு வெட்கமில்லை.

வேலையை ஒழுங்காகச் செய்தேன். நின்றுபோயிருந்த ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்தேன். ஒவ்வொரு பில்லுக்கும் சரக்கு வந்து சேர்ந்ததாகக் கடைக் கம்பெனியின் ஒப்புதலை வாங்கினேன். மீதி, உரிமையாளரின் முகம் மட்டும். பழைய கடனொன்றில் என் பெயர் கெட்டிருந்ததால் பட்டறை என் மனைவி இசக்கிசெல்வி பெயரில் இருந்தது. ஃபேக்டரிங் கம்பெனி ஆள் பேசும் வீடியோ காலில் அவள் வரவேண்டும். கண் சிமிட்டி, தலையைத் திருப்பி, உயிருள்ள ஆள்தான் என்று காட்டவேண்டும்.

கேட்கக்கூடிய கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொடுத்தேன். கெட்டிக்காரி. "ஓனரம்மாவுக்கு ஒரு டீ போடும்" என்று என்னையே அதிகாரம் பண்ணுவாள்.

அப்போதுதான் காய்ச்சல் வந்தது. டெங்கு. பிளேட்லெட் இறங்கிவிட்டது, இன்றே அட்மிட் பண்ணுங்கள் என்றார் கிங்ஸ் சர்க்கிள் டாக்டர். மத்தியானம் வீடியோ கால் இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் உரிமையாளருக்கு யார் பணம் தருவார்கள்? நீங்களே சொல்லுங்கள். பட்டறைக்குக் கூட்டிவந்தேன்.

மத்தியானம் கால் வரவில்லை. மறுநாள் காலைக்கு மாற்றிவிட்டார்கள். அது என் தப்பில்லை.

காலையில் அவள் ஈறில் ரத்தம். வாயைக் கொப்பளிக்கவைத்து, முகத்துக்குப் பவுடர் போட்டு, நாற்காலியில் உட்காரவைத்தேன்.

"கண்ணு இருட்டிட்டு வருது. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்து பேசட்டா?" என்றாள்.

"இது மட்டும் முடிஞ்சிரட்டும்," என்றேன்.

முடிந்ததும் டாக்ஸி பிடித்தேன். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது உயிர் இல்லை.

பணம் வந்தது. பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்பே எல்லோருக்கும் சம்பளம் கொடுத்துவிட்டேன். போய்க் கேளுங்கள். வாங்கமாட்டேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. அவள் அண்ணன் வேல்ராஜ் மட்டும் சுடுகாட்டில் எல்லோர் முன்னாலும் கேட்டான்: "மாப்ள, ஒமக்குப் பொண்டாட்டி செத்தாளா, ஓனர் செத்தாளா?"

நான் அவளைக் கட்டாயப்படுத்தினேன் என்றுதான் அவன் புகாரில் இருக்கிறது. அந்த வீடியோவை ஃபேக்டரிங் கம்பெனியிடம் வாங்கிப் பாருங்கள், சார். மேடத்துக்கு உடம்பு சரியில்லையா என்று அந்த ஆள் இந்தியில் கேட்கிறார். அதற்கு நான் பதில் சொல்லிக்கொடுக்கவே இல்லை. நன்றாக இருக்கிறேன் என்று அவளாகவே சொல்கிறாள். சிரிக்கவும் செய்கிறாள். இடப்பக்கம் திரும்பச் சொன்னதும் திரும்புகிறாள். உற்றுப் பார்த்தால் கொண்டைக்குப் பின்னால் விரல்கள் தெரியும். என்னுடையவைதான். தலை நிற்கவில்லை, பிடித்துத் திருப்பினேன். மற்றதெல்லாம் அவள் சம்மதத்தோடு நடந்தது.