திரையின் ஓரத்தில் ஒரு கறுப்பு

கம்ப்யூட்டர் திரை திடீரென மஞ்சளாகிப் போனால் யாரும் பதறவேண்டியதில்லை. பெரும்பாலும் பின்னால் இருக்கும் கேபிள் லூசாகியிருக்கும். திருகை இறுக்கினால் விட்டுப்போன நீலம் தானாக வந்துவிடும். உங்கள் அம்மா வீட்டில் முதல்முறை நான் செய்ததும் அவ்வளவுதான்.

அதற்கே என்னை உட்காரவைத்து டீ கொடுத்தார். ஸ்டுடியோக்காரர்கள் அனுப்பும் கல்யாணப் படங்களுக்கு நிறம் சரிசெய்து கொடுப்பதுதான் அவர் வேலை, உங்களுக்குத் தெரியும். "மாப்பிள்ளை மூஞ்சிக்குக் கொஞ்சம் களை சேத்திருக்கேன் தம்பி. இல்லேன்னா பொண்ணு வீட்டுக்காரங்க ஆல்பத்தையே திறக்கமாட்டாங்க" என்றார். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். நான் சிரித்து எத்தனை காலமாயிற்று என்று அப்போதுதான் உறைத்தது. என் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குப் பின்னால் ஒரு அறை எனக்கு. அங்கே சுவரோடு பேசினால்தான் உண்டு.

கிளம்புமுன் அந்தத் திருகை அரைச்சுற்று தளர்த்திவிட்டு வந்தேன். எதிர்பார்த்தபடியே போன் வந்தது. பிறகு ஒருமுறை வெளிச்சத்தைக் குறைத்துவைத்தேன். இன்னொருமுறை, ராத்திரியில் கண் கூசாமலிருக்கத் திரைக்கு உண்டான மங்கல் நிறம் பகலிலும் வரும்படி மாற்றிவைத்தேன். கூலி வாங்கியதில்லை. "நீ இல்லேன்னா என் பொழைப்பு நாறிடும்பா" என்பார். யாருக்கும் நஷ்டமில்லாத காரியம் என்றுதான் நினைத்தேன்.

ஒருநாள், "ஓரத்துல கறுப்பா ஏதோ இறங்குது தம்பி, நேத்தைவிட இன்னைக்கு அதிகம்" என்றார். அந்தமுறை நான் எதையும் தொட்டிருக்கவில்லை. போய்ப் பார்த்தேன், திரை பளிச்சென்று இருந்தது. சுவரைப் பார்க்கச் சொன்னேன். அங்கேயும் கறுப்பு இருக்கிறது என்றார். "கண்ணுல ஏதாச்சும் கோளாறா இருக்குமோ? இன்னொரு கண்ணு சின்ன வயசுலேர்ந்தே பேருக்குத்தான்" என்றார், மெதுவாக.

எனக்குப் புரிந்துவிட்டது. கோளாறு திரையில் இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஆனால் கண் என்று சொல்லிவிட்டால் ஆஸ்பத்திரி. நீங்கள் ஓடிவருவீர்கள், கையோடு அழைத்துப்போய்விடுவீர்கள். அதற்கப்புறம் என் போன் அடிக்காது.

"கண்ணுக்கு ஒண்ணும் இல்லம்மா. கெட்டுப்போன மானிட்டரையே பாத்துப் பாத்து சுவத்துலயும் அதே தெரியுது. வேற ஒண்ணு கொண்டாந்து மாட்டறேன்" என்றேன். நம்பினார். நான் சொன்ன காரணம் அதுவரை ஒருமுறைகூடத் தப்பியதில்லை, எப்படித் தப்பும்?

வேறு மானிட்டர் மாட்டினேன். பிறகு இன்னொன்று. "இப்ப பரவால்லையாம்மா?" என்று கேட்பேன். என் மனசு நோகக்கூடாதென்று, "கொஞ்சம் தேவல தம்பி" என்பார். கடைசியில் ஒருநாள் டீயை மேசையில் வைப்பதாக நினைத்துக் காற்றில் வைத்தார். டம்ளர் உடைந்தது. உங்களுக்குப் போன் போட்டுத் தரச் சொன்னார். நான்தான் போட்டுக் கொடுத்தேன்.

ஆரம்பத்திலேயே வந்திருந்தால் பார்வையைக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். சொல்லியிருப்பார். நான் மறுக்கவில்லை, தெரிந்தேதான் செய்தேன்.

அவரை நீங்கள் அழைத்துப்போவதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. உங்கள் வீட்டில் விடிந்தால் ஆளுக்கொரு வேலையாகப் போய்விடுவீர்கள். இனி அவருக்குப் பக்கத்தில் ஒரு ஆள் இல்லாமல் முடியாது. இங்கேயே விட்டுவிடுங்கள். என்னைவிட அக்கறையாக அவரை யார் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள்?