சுளுக்கு

ரக்பிப் பந்து உருண்டையாக இருக்காது. முதன்முதலில் அதைப் பார்த்த எங்கள் வலங்கைமான் பக்கத்துச் சனங்கள், "ஏன்டி இசைவாணி, இந்தப் பந்த யாரு மிதிச்சது?" என்றுதான் கேட்டார்கள். அந்தப் பந்தோடு நான் இந்தியாவுக்காகப் பதினோரு ஆட்டம் ஆடிவிட்டேன். முதல் வாய்ப்பு எப்படிக் கிடைத்தது என்றுதானே கேட்டீர்கள்? சொல்கிறேன்.

இரண்டு அணியும் தோளோடு தோள் கோத்து முட்டும்போது நடுவில் நிற்பவளை ஹூக்கர் என்பார்கள். அந்த இடத்துக்கு எங்கள் மாவட்டத்தில் நானும் பூவிழியும் இருந்தோம். இந்திய முகாமுக்கு அழைப்பு அவளுக்கு வந்தது. அவள் என்னைவிட நன்றாக ஆடுவாள். அதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. ஆனாலும் வயிறு எரிந்தது.

அவள் கிளம்ப ஒரு வாரம் இருந்தது. தாளடி நெல் அறுத்த வயலில் பயிற்சி. பந்தோடு ஓடி வந்தவளை மறித்தேன். முறையான மறிப்புதான், விதியில் குற்றம் சொல்ல முடியாது. அவள் தலை முதலில் தரையில் மோதியது.

"கழுத்து வலிக்குதுடி. வெரலெல்லாம் மரத்துப் போச்சு" என்றாள்.

அவள் அம்மா அம்சம் பதறிப்போய், சுளுக்கு எடுக்கும் கண்ணாத்தாளைக் கூட்டிவந்தார். எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். விளக்கெண்ணெயை உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டு குனிந்த கண்ணாத்தாள், ஏனோ என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீ நாலு ஊரு போயிப் படிச்சவ. தொடலாமா பாப்பா?"

அணித் தலைவி என்பதால் முதலுதவி வகுப்புக்கு என்னை மட்டும் அனுப்பியிருந்தார்கள். கழுத்தில் அடிபட்டு விரல் மரத்தால் தலையை அசைக்கக்கூடாது, ஆம்புலன்ஸ் வரும்வரை யாரையும் தொடவிடக்கூடாது என்று பொம்மையை வைத்துக் காட்டினார்கள். அந்த வயலில் இது தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

"வெறும் சுளுக்குதான் பெரியம்மா. எடுங்க" என்றேன்.

அதற்குப் பிறகு பூவிழிக்குக் கையும் காலும் அசையவில்லை. ஊரே கண்ணாத்தாளைத் தூற்றியது. அவர் இப்போது யாரையும் தொடுவதில்லை. அவருக்காக நான் நிறைய அழுதிருக்கிறேன். அடுத்த வாரம் முகாமுக்குப் போனேன். ஆட்டத்துக்கு முன் தேசிய கீதம் பாடும்போதெல்லாம் என் விரல்கள் மரத்துப்போகும். டாக்டரிடம் காட்டினேன், ஒன்றுமில்லை என்றார்.

ஊரில் இருக்கும் நாளெல்லாம் பூவிழிக்கு நான்தான் சோறு ஊட்டுகிறேன். போன மாதம் அவளே கேட்டாள்: "நீயும் சுளுக்குன்னுதானேடி நெனச்ச?"

"ஆமா" என்றேன்.

நீங்கள் அவளிடம் எதையும் சொல்லிவிடாதீர்கள். கைகால் போன பிறகு அவளுக்கு மிஞ்சியிருப்பது ஒரே ஒரு சிநேகிதி. அந்த ஒருத்தியையும் பறித்துக்கொள்ளும் அளவுக்கு எனக்குக் கல்மனசு இல்லை.