ரப்பர் பலகையில் டாடி மம்மி

பிலவேந்திரன்: ...நிறுத்து மாப்ள. அங்கன ஒரு அடி சறுக்குது.

இன்னாசி: பதினெட்டு வருசம் பட்டாளத்து பேண்டுல டிரம் அடிச்ச காது அது. எங்க ஊரு அடி சறுக்குனாப்புலதேன் கேக்கும்.

பிலவேந்திரன்: வாய் மட்டும் கொறையல உனக்கு. நாளைக்குச் சப்பரத்துக்கு முன்னால அடிக்கப் போறவன் நீ. டாடி மம்மி அடி. மெதுவா.

செலின்: ரெண்டு பேருக்கும் நாப்பது ஆகப் போகுது, இன்னும் டாடி மம்மியாம். அண்ணே, காப்பி ஆறுது.

பிலவேந்திரன்: வலது கையில ரெண்டு, இடது கையில ரெண்டு. டா-டி, மம்-மி. இது வராதவனுக்கு டிரம்மு எதுக்கு செலினு? ராக்கையா வாத்தியாரு எங்கள ஒரு வருசம் டிரம்மத் தொடவே விடலயே.

செலின்: எனக்குத் தெரியாதாக்கும். சின்னமனூர்ல பழைய லாரி டயர் வாங்கியாந்து, வெட்டிப் பலகையில அடிச்சு, நம்ம மாட்டுக் கொட்டத்துல உக்காந்து தட்டுவீக. மாடு பால அடக்கிக்கிரும்.

இன்னாசி: வேகமா அடிக்கயில தப்பு வந்தா வாத்தியாரு பேசாம இருப்பாரு. மெதுவா அடிக்கயில வந்துச்சு...

பிலவேந்திரன்: குச்சியப் புடுங்கிருவாரு.

இன்னாசி: இடது கைக்குப் பலம் வரணும்னு அதுலயே பல்லு வெளக்கச் சொன்னாரே. ஈறெல்லாம் ரத்தம்.

பிலவேந்திரன்: ரத்தம் எனக்குத்தேன். உனக்கு ஒரே மாசத்துல இடது கையி வசத்துக்கு வந்துருச்சு. எனக்குக் கடைசி வரைக்கும் வரல.

இன்னாசி: வராமயா பட்டாளத்துல எடுத்தாக?

பிலவேந்திரன்: ...அதப் பேசத்தேன் வந்தேன்.

செலின்: மொதல்ல காப்பியக் குடி.

பிலவேந்திரன்: இரு தாயி. அறுபத்தேழுல, அந்தோணியார் திருநா முடிஞ்ச மறுநா. பட்டாளத்து பேண்டு மாஸ்டர் வந்து எங்க ரெண்டு பேரையும் கோயில் வாசல்ல நிப்பாட்டி அடிக்கச் சொன்னாரு. ஒருத்தனுக்குத்தேன் இடம்.

இன்னாசி: நான் தப்பு விட்டேன், உன்னைய எடுத்தாக. முடிஞ்சு போச்சு.

பிலவேந்திரன்: எந்தக் கையி தப்பு விட்டுச்சு?

இன்னாசி: அதெல்லாம் யாருக்கு ஞாபகம்...

பிலவேந்திரன்: எனக்கு இருக்கு. மெதுவா ஆரம்பிச்சு, வேகத்துக்குப் போயி, திரும்ப எறங்கி வாரப்ப வலது கையி ஒரு அடிய விட்டுச்சு. எவனுக்கும் இடது கையிதேன் மாப்ள மக்கர் பண்ணும். வலது கையா விடும்? அதுவும் உனக்கு?

இன்னாசி: விடு மச்சான்.

பிலவேந்திரன்: நீ வேணும்னு விட்டது எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சும் வாயத் தொறக்காம தேனியில ரயிலேறிட்டேன். எங்கய்யா செத்து ஆறு மாசம், வீட்டுல சோத்துக்கு இழுபறி... உன் இடத்துல உக்காந்து தின்ன சோறு அது. இந்தக் கழுதைய உனக்குக் கட்டிக் குடுத்ததும் அந்தச் சம்பளத்துலதேன். இத்தன வருசமா மனசு அறுக்குது மாப்ள.

இன்னாசி: காப்பி ஆறிப் போச்சு மச்சான், குடி.

பிலவேந்திரன்: சொல்லு. எங்க வீட்டுக் கஷ்டத்தப் பாத்து எனக்காகத்தான விட்ட?

இன்னாசி: அது வந்து மச்சான்...

பிலவேந்திரன்: மழுப்பாத. நாளைக்கு உன்னைய முன்னால அடிக்கச் சொன்னதும் அதுக்குத்தேன், நான் பின்னால நடந்து வாரேன். அதத் தவிர உனக்குத் திருப்பிக் குடுக்க என்கிட்ட ஒண்ணுமில்ல.

இன்னாசி: செலினு, நீ உள்ள போ.

செலின்: எதுக்குப் போகணும்? பாவம், அண்ணன் அழுகுது.

இன்னாசி: ஏ, சும்மா இரு...

செலின்: அண்ணே, இங்கன பாரு. இவுக உனக்காக ஒண்ணும் விடல. அப்ப அம்மா என்னைய உத்தமபாளையத்து மாப்பிள்ளைக்குப் பேசிக்கிட்டு இருந்துச்சு. இவுக பட்டாளம் போயித் திரும்பி வாரப்ப நான் ரெண்டு பிள்ளைக்கு ஆத்தாவாகியிருப்பேன். பேண்டு மாஸ்டர் வாரதுக்கு முந்தின நா கொட்டத்துல வச்சு, ஒரே ஒரு அடிய விட்டுருங்கனு இவுக காலப் புடிச்சேன். எந்தக் கையில விடணும்னுதேன் எனக்குச் சொல்லத் தெரியல.