மேலே தடவிய கிரீஸ்

நாற்காலி போட்டது நல்லதாயிற்று, ஐயா. லாரிக்கு அடியில் படுத்தே காலம் போனதில் முதுகு வளைந்துவிட்டது. நின்றுகொண்டு அதிக நேரம் பேச முடியாது.

என் பெயர் அரியமுத்து. அரியலூரைத் தாண்டி, சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற டிப்பர் லாரிகள் நிற்கும் ஷெட்டில் கிரீஸ் அடிப்பது என் வேலை. வீல், ஸ்டேரிங், பிரேக் என்று ஒவ்வொரு மூட்டிலும் ஒரு குமிழ் இருக்கும். அதில் கிரீஸ் கன்னை வைத்து அழுத்தினால் பழையது கறுப்பாகப் பிதுங்கும், பின்னாலேயே புதியது எட்டிப் பார்க்கும். அதுவரை அழுத்த வேண்டும். அவசரமென்றால் விரலால் வெளியே தடவிவிட்டும் போகலாம், பார்ப்பவருக்கு அடித்த மாதிரியே தெரியும். டிரைவர் குனிந்து பார்ப்பான், பளபளப்பு இருந்தால் வண்டியை எடுத்துவிடுவான்.

என் மகள் இலக்கியாவைப் பற்றி உங்களுக்குத் தெரியும். போன வருடம் விக்கிரமங்கலம் ரோட்டில் டிப்பர் மோதி இறந்த பெண். ஓட்டியவன் கலைவாணன், எங்கள் ஷெட் டிரைவர். வேகமாக வந்துவிட்டேன், தப்பு என்னுடையதுதான் என்று அவனே ஸ்டேஷனில் சொன்னான். ஜாமீனில் வந்தவனை முதலாளி மறுபடி வேலைக்குச் சேர்த்துக்கொண்டார், ஆள் கிடைக்கவில்லை.

பெற்றவனுக்கு வயிறு எரியாதா, ஐயா. என் மனைவி ராசாத்தி இன்றும் அவள் சுடிதார்களைத் துவைத்துத் துவைத்துக் காயப்போடுகிறாள். உடுத்த ஆளில்லாத துணியைக் கொடியில் பார்த்துவிட்டு ஷெட்டுக்குப் போனால், அங்கே அவன் முகம். அதனால் அவன் வண்டியில் ஸ்டேரிங் மூட்டுக்கு மட்டும் கிரீஸ் அடிப்பதை நிறுத்தினேன். வெளியே தடவினேன். மற்ற இடத்துக்கெல்லாம் ஒழுங்காகவே அடித்தேன், அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

காய்ந்த மூட்டு தேய மாதக்கணக்காகும். நான் அவசரப்படவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அவனே வந்தான்.

"அண்ணே, ஸ்டேரிங் ஆடுது. ஒரு பக்கமா இழுக்குதுண்ணே. கொஞ்சம் பாருங்களேன்."

அடியில் போய்ப் படுத்துப் பிடித்துப் பார்த்தேன். மூட்டு கழன்று வருகிற நிலையில் இருந்தது.

"ரோடு மோசம்டா. வண்டிக்கு ஒண்ணுமில்ல, தைரியமா எடு."

"நீங்க சொன்னா சரிண்ணே."

முன்சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, அதை நசுக்கிக்கொண்டு கிளம்பினான். கல் வெட்டிக் கைவிட்ட பள்ளத்தில், தண்ணீருக்குள் கிடந்த வண்டியிலிருந்து அவனை வெளியே எடுத்தது உங்கள் ஆட்கள்தான். அவன் மனைவி மலர்கொடி மாசமாக இருக்கிறாளாம்.

மகளைக் கொன்றவனைத் தகப்பன் கொன்றான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஜாமீனில் வந்த அன்று ஷெட்டுக்குப் பின்னால் அவன் என்னிடம் என்ன பேசினான் என்று கேட்கிறீர்கள். யாரோ பார்த்திருக்கிறார்கள், சரி. அவன் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"அண்ணே, அன்னிக்குப் பிரேக் புடிக்கல. மிதிச்சு மிதிச்சுப் பார்த்தேன், நிக்கல. ஸ்டேஷன்ல சொல்லலண்ணே. உங்க கைவேலைன்னு தெரிஞ்சா நீங்களும் அண்ணியும் எப்படி உசுரோட இருப்பீங்க? நானே ஏத்துக்கிட்டேன். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். மத்த வண்டியையாவது பார்த்துருங்கண்ணே."

அவன் சொன்னது நிஜம். விபத்துக்கு முந்தின நாள் அந்த வண்டிக்குப் பிரேக்கை இறுக்கிக் கிரீஸ் அடித்திருக்க வேண்டும். நான் விரலால் தடவிவிட்டுக் கிளம்பினேன். பெரம்பலூரில் இலக்கியாவுக்கு ஸ்கூட்டி எடுக்க வேண்டியிருந்தது. கடை வாசலில் நின்றுகொண்டு, "எங்கப்பா இருக்கீங்க, சீக்கிரம் வாங்க" என்று போன் மேல் போன் போட்டாள். மறுநாள் அந்த ஸ்கூட்டியில்தான் போனாள்.

அதற்குப் பிறகு கலைவாணன் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. எனக்கும் சேர்த்து டீ வாங்கி வருவான். டம்ளரை நீட்டும்போது என்னைப் பாவமாகப் பார்ப்பான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தப் பார்வையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கொலைக்குக் கையெழுத்துப் போடுகிறேன், ஐயா. என்ன தண்டனை என்றாலும் சரி. பிரேக் விஷயத்தை மட்டும் எழுதாதீர்கள். நேற்று சாப்பாடு கொண்டுவந்த ராசாத்தி, மகளுக்காகச் செய்த கை என்று என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.