வீட்டுக்குள் கோச்சி ஓட்டிய எங்கள் நிலைய அதிபருக்கு

கடலும் கோட்டையும் காவலரணும் சூழ்ந்த கோணமாமலையில், புகையிரதக் கோச்சி வந்த நாளிலும் வராத நாளிலும் கொடியைச் சுருட்டாத கோமானே! நேரத்தின் நேசரே! நிலையத்தின் நெஞ்சமே! எங்கள் பேரன்புக்குரிய புகையிரத நிலைய அதிபர் உயர்திரு தம்பிராசா ஞானசேகரம் அவர்களே! வணக்கம்.

ஐயா, தயவுசெய்து கதிரையில் சாய்ந்து இருங்கள். பிரியாவிடை மாலை போட்ட நேரம் தொட்டு நுனியில்தான் இருக்கிறீர்கள். ஒரு கண் மணிக்கூட்டில், மறு கண் வாசலில். ஊரடங்குக்கு முன் கூட்டம் கலைய வேண்டுமென்ற அவசரம் எங்களுக்கும் உண்டு. ஆனால் உங்கள் அந்தரத்துக்குக் காரணம் அதுவல்ல. இன்று காலை கோணேசரைக் கும்பிட்டுவிட்டுக் குவாட்டர்ஸுக்குத் திரும்பியபோது முன்கூடமான ஹோல் வெறுமையாகக் கிடந்தது. நீங்கள் வருடக்கணக்காகக் கட்டிய குட்டிக் கோச்சிப்பாதையைக் காணவில்லை. ஒருவரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் வந்து அமர்ந்துவிட்டீர்கள். அதைப் பற்றித்தான் சொல்லப்போகிறோம். முறைப்படி சொல்ல விடுங்கள்.

குடைக்கம்பியைத் தண்டவாளமாக்கிய கைவல்லவரே! நெருப்புக்குச்சியைச் சிலிப்பர்க்கட்டையாக்கிய கலைவல்லவரே! பால்மாப் பேணித் தகரத்தில் என்ஜின் பிறந்தது. பழுதான கசற் ரேடியோவின் மோட்டர் அதற்கு உயிர் கொடுத்தது. பழைய கதவுகள் இரண்டின் மேல் கந்தளாயும் தம்பலகாமமும் சீனக்குடாவும் நிலையங்களாய் முளைத்தன. நீலம் பூசிய பலகை துறைமுகமாயிற்று. உங்கள் இல்லத்தரசி கமலாதேவி அக்காவுக்குச் சாப்பாட்டு மேசை வைக்க இடமில்லாமல் போயிற்று. "இந்த மனுசன் இனிக் கப்பலும் விடப்போறார், நான் சமைக்கிற குசினியையும் குடுக்கவேண்டி வரும்" என்று எங்களிடம் புலம்பிய அவரே, மறுநாள் தம்பலகாமத்து வயலுக்குப் பச்சைக் கம்பளி பின்னித் தந்தார்.

கண்ணிவெடிக்கு அஞ்சிப் பாதை மூடப்பட்ட மாதங்களில், வராத கோச்சிக்காக வந்து கையெழுத்திட்டுச் சும்மா இருந்த நாங்கள் வேலை மறக்காமல் தப்பியது உங்கள் ஹோலில்தான். அங்கும் உங்கள் சட்டம் சட்டமே! ஒற்றைப் பாதையில் ஒரு நேரத்தில் ஒரு வண்டி. அதற்கு அத்தாட்சியான பித்தளை வில்லை புறப்படும் குட்டி நிலையத்தில் வைக்கப்படாமல் எந்த வண்டியும் அசையாது. பெரிய கோச்சிக்கு உள்ள அதே ஒழுங்கு, உள்ளங்கை அகலக் கோச்சிக்கும்.

அந்த ஒழுங்கு எங்கள் உயிரை வாங்கப் பார்த்த நாளை மறப்போமா! சுற்றிவளைப்பு நடந்தது. உள்ளே வந்த படையினர் வயரையும் மோட்டரையும் சுவிட்சையும் கண்டு துவக்கை நிமிர்த்தினார்கள். விளையாட்டுக் கோச்சி என்றோம். அப்படியானால் ஓட்டிக் காட்டு என்றார் அதிகாரி. நீங்களோ கைகட்டி நின்று, "வில்லை இல்லாமல் விட ஏலாது, சேர்" என்றீர்கள்! வில்லையோ, எங்கள் கொடிகாட்டி ஸெய்னுதீன் நானாவின் சட்டைப்பைக்குள் தேத்தண்ணிக்கடைக்குப் போயிருந்தது. அவர் வரும்வரை துவக்கும் இறங்கவில்லை, உங்கள் கையும் சுவிட்சுக்குப் போகவில்லை. "அல்லாவே, மறந்துபோய்க் கொண்டு போயிட்டன் சேர்" என்று ஓடிவந்து அவர் அதை வைத்த பிறகே பச்சைக் கொடி காட்டினீர்கள். கோச்சி சீனக்குடாவைத் தாண்டியதும் அதிகாரி தொப்பியைக் கழற்றிவிட்டுக் குந்தியிருந்து, இன்னொருமுறை விடச் சொன்னார். அன்று உங்கள் மேல் வந்த கோபம் எங்களுக்கு இன்னும் முழுதாய் ஆறவில்லை. அன்று வந்த மரியாதையும் குறையவில்லை.

இப்போது ஓய்வுபெற்றுக் கொழும்பில் மகள் வீட்டு மேல்மாடி அறைக்குப் போகிறீர்கள். வயரும் மோட்டரும் சோதனைச்சாவடி தாண்டாது. "பிரிச்சுக் கடல்ல போட்டிடுவம்" என்று போன கிழமை நீங்கள் சொன்னபோது அது உங்கள் குரலாகவே இல்லை. எங்களுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கந்தளாயைக் கடலில் போடுவதா!

ஆகவே, நீங்கள் கோயிலுக்குப் போன நேரம் பார்த்துத் தூக்கினோம். பலகை வாசலால் வெளியே வரவில்லை. "ஜன்னலைக் கழட்டுங்கோ, அவருக்கு நான் பதில் சொல்லுறன்" என்றார் அக்கா. அரசாங்க ஜன்னல்தான், புது அதிபர் வருமுன் மறுபடி பொருத்திப் பூட்டிவிடுவோம். உங்கள் பாதை ஒரு குச்சியும் கழலாமல் இந்தச் சுவருக்கு அப்பால், பொதி அறையில் இருக்கிறது. எழும்பாதீர்கள் ஐயா! மடல் முடியவில்லை.

வண்டி திருகோணமலை மேடையில் நிற்கிறது. எங்களில் ஒருவரும் சுவிட்சைத் தொடவில்லை, ஏனென்றால் வில்லை இல்லை. அது இப்போது உங்கள் சட்டைப்பையில் இருக்கிறதாம், அக்கா சொல்லிவிட்டார். நிலையத்துச் சாவிகள் எல்லாவற்றையும் இன்று ஒப்படைத்தீர்கள். இந்த வில்லையை மட்டும் நாங்கள் கேட்கமாட்டோம். இன்று ஒருமுறை ஓட்டிவிட்டுக் கொழும்புக்குக் கொண்டு போங்கள். நீங்கள் திரும்பி வந்து வைக்கும்வரை இங்கே ஒரு சில்லும் உருளாது.

கோணேசர் அருளும் அல்லாஹ்வின் ரஹ்மத்தும் உங்களையும் அக்காவையும் நோய்நொடியின்றி நெடுங்காலம் காக்கட்டும்! இன்றும் மூடிக் கிடக்கும் பாதை திறந்து வரும் முதற் கோச்சியில் நீங்கள் இறங்க வேண்டும். மேடையில் கொடியோடு நிற்போம். உங்களை விட்டுவிட எங்களுக்கு மனமில்லை, ஐயா.

இனி எழும்பலாம். பொதி அறைக் கதவு திறந்துதான் இருக்கிறது.

வில்லைக்குக் காத்திருக்கும்,
நிலைய ஊழியர்கள்,
திருகோணமலை.

வாசித்தளித்தவர்: இராசமலர், பயணச்சீட்டுப் பகுதி