தீராந்தி

வீடு வாங்க வருகிறவர்கள் முதலில் சுவரைத்தான் தட்டிப் பார்க்கிறார்கள். சுவர் வெடித்தால் பூசிவிடலாம். பார்க்க வேண்டியது கூரையை. மல்லாவிப் பக்கம் யார் வீடு வாங்கினாலும் ஜெயபுரத்திலிருந்து என்னைக் கூப்பிடுவது அதற்காகத்தான்.

தொண்ணூற்றெட்டு ஆவணியில் ஏரம்பு ஐயா கூப்பிட்டார். மகள் யதுர்ஷிகாவுக்குச் சீதனமாகக் கொடுக்க ஒரு வீடு பார்த்திருந்தார்.

"மாயாண்டி, நீ நல்லதெண்டு சொன்னால்தான் வாங்குவன்" என்றார். பிறகு சும்மா கேட்டார்: "உனக்குப் பிள்ளையள் எத்தினை?"

"ஒண்ணு இருந்திச்சுங்க ஐயா."

"ஓமோ? சரி, ஏறிப் பார்."

இரண்டு வருடம் முன்பு, அவருடைய வயலில் வரம்பு செதுக்கும்போதுதான் என் மகள் இரஞ்சிதத்தைப் பாம்பு கடித்தது. அவருடைய உழவு இயந்திரம் பக்கத்திலேயே நின்றது. காலைப் பிடித்துக் கேட்டேன். "டீசல் உழவுக்கு வைச்சிருக்கிறன், சைக்கிள்ல கொண்டு போ" என்றார். கொண்டு போனேன். பாதி வழியில் அவள் தலை என் முதுகில் சாய்ந்தது. அன்று வந்த கோபம் ஒரு நாளும் ஆறியதில்லை. யாருக்கும் காட்டவில்லை, அவ்வளவுதான். ஆனால் அவர் மறந்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

ஏறிப் பார்த்தேன். தென்னோலைக் கிடுகு வேய்ந்த கூரை. சாய்வாக இறங்கும் சிலாகைகள் நல்ல முதிரை மரம். அவற்றின் குறுக்கே அடித்த ரீப்பைகளும் பரவாயில்லை. சுவருக்குச் சுவர் போய் அத்தனை பாரத்தையும் தாங்குவது தீராந்தி. அது வெளியே வழுவழுவென்று இருந்தது. உளியை வைத்து அழுத்தினேன். பிடி வரைக்கும் இறங்கியது. உள்ளே முழுக்கக் கறையான் மண். துளையை மெழுகால் அடைத்தேன்.

கீழே யதுர்ஷிகா அண்ணாந்து நின்றாள். "மாயாண்டி அண்ணை, மழைக்கு ஒழுகுமோ?"

"ஒழுகாதும்மா." அது பொய்யில்லை.

அவளுடைய தகப்பனிடம், "நல்ல வைரம் பாஞ்ச மரங்க ஐயா. கிடுகைக் கழட்டிட்டு ஓடு போடுங்க, தாங்கும்" என்றேன். கிடுகுக்கு அந்த மரம் இன்னும் சில மாரி நின்றிருக்கும். ஓட்டுக்கு நிற்காது. அவர் வாங்கினார். ஓடுகளை நானே அடுக்கிக் கொடுத்தேன். வேலை சுத்தம் என்று எல்லோரும் சொன்னார்கள்.

கலியாணம் முடிந்து கார்த்திகை மழை பிடித்தது. ஓடுகள் தண்ணீர் குடித்துக் கனத்தன. ஒரு மத்தியானம் தீராந்தி முறிந்தது. புருஷன் வெளியே போயிருந்தான். அவள் தனியாகப் படுத்திருந்தாள். சத்தம் கேட்டு ஓடிய ஆட்களோடு நானும் ஓடினேன். ஓடுகளை விலக்கி அவளைத் தூக்கியது நான்தான். உழவு இயந்திரம் உடனே வந்தது. ஏற்றுவதற்கு முன்பே மூச்சு நின்றிருந்தது. ஏரம்பு ஐயா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ பார்த்த கூரையெல்லே மாயாண்டி" என்று அழுதார். கையை நான் இழுக்கவில்லை.

தெரிந்துதான் செய்தேனா என்று கேட்கிறீர்கள். தெரிந்துதான் செய்தேன். அந்தக் கூரைக்குக் கீழே படுக்கப்போகிறவள் அவள்தான் என்பதும் தெரியும். ஆனால் அந்தப் பிள்ளை மேல் எனக்கு ஒரு கோபமும் இருந்ததில்லை. அதை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள்.