டிராமில் லத்தீன்

லேக் மார்க்கெட்டில் டிராம் ஏறினேன். முன் சீட்டில் இரண்டு தமிழ்ப் பெண்கள். கண்ணாடி போட்டவளுக்கு அன்று லத்தீன் பரீட்சை.

"இதுல ஃபெயிலானா அப்பா என்னை ஊருக்கு இழுத்துண்டு போய்க் கல்யாணம் பண்ணி வெச்சிடுவார்டி. இந்தப் பாசிவ் வாய்ஸ் மண்டையில ஏறவே இல்லை."

"இழுக்கறது யாரு?" என்றாள் தோழி.

"அப்பா."

"இழுபடறது?"

"நான்."

"அதான்டி பாசிவ். 'நான் இழுக்கப்படறேன்.' லத்தீன்ல ட்ராஹோர்."

கண்ணாடிக்காரி கண்ணை மூடிக்கொண்டாள். மற்ற வினைகளையும் தானே மாற்றிச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"அடிப்பாவி, ஒண்ணுகூடத் தப்பில்லை!"

நல்ல வாத்தியார், நல்ல மாணவி என்று நினைத்துக்கொண்டேன். அப்போது கரண்ட் போனது. டிராம் நடுரோட்டில் நின்றது. கண்ணாடிக்காரி தோழியின் கையைப் பிடித்து இறக்கினாள்.

"வாடி, ஓடினா எழுதிடலாம்."

"மெதுவாடி, பரீட்சை உனக்குத்தான்!"

கண்ணாடிக்காரி அதற்குள் அவளையும் இழுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்துவிட்டாள்.